இன்டர்வியூவுக்காக வீட்டில் செய்து அனுப்பும் அசைன்மென்ட்டுக்கு இனி ஒத்துக்கொள்ளலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் ஜாவா புரோகிராமராக வேலை பார்க்கிறேன். கொச்சி காக்கநாடு பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ஆன்லைன் டெஸ்ட் சுலபம். அவர்கள் பார்க்கவே புரோகிராம் எழுதும் லைவ் கோடிங்கில், ஒரு ஃபைல் நிறைய எண்கள், அதில் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், ஒரே மதிப்பை இரண்டு முறை சேர்க்காத ஹேஷ்செட் போட்டு முடித்தேன். ஃபைல் மெமரியில் அடங்காவிட்டால் என்று அடுத்த கேள்வி. துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, அப்புறம் மெர்ஜ் பண்ணினால் ஒரே எண்கள் அடுத்தடுத்து வந்துவிடும் என்றேன். கேள்வி கேட்டவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு வீட்டில் செய்ய அசைன்மென்ட்: டிக்கெட் புக்கிங் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் அழைத்துப் பயன்படுத்தும் சேவை) ஒன்று, லாகின், பேமென்ட், டெஸ்ட் எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொன்னார்கள். சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அனுப்பினேன். அத்தோடு சரி, மெயில் போட்டாலும் பதில் இல்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதக்கூடாதா? அடுத்த கம்பெனியும் இதையே கேட்கிறது. செய்யவா?

கழக்கூட்டம் அண்ணன்:
தம்பி, உங்கள் பதில் சரிதான். இன்னொரு வழி, எண்ணின் ஹேஷை (எண்ணிலிருந்து கணக்கிடும் ஒரு குறியீடு) பார்த்துத் தனித்தனி ஃபைல்களில் போடுவது, ஒரே எண் எப்போதும் ஒரே ஃபைலுக்குத்தான் போகும், வரிசைப்படுத்தவே தேவையில்லை. நானும் இன்டர்வியூ பேனலில் உட்காருகிறவன், முகத்தில் எதையும் காட்டாமல் குறிப்பெழுதுவதுதான் எங்கள் வழக்கம், அதை வைத்து மனசைத் தளரவிடாதீர்கள். ஆனால் பதில் போடாமல் விடுவது மரியாதை இல்லை. அசைன்மென்ட் செய்யும் முன்பே கேளுங்கள்: எத்தனை மணி நேர வேலை, எழுதிய புரோகிராமை யார் படிப்பார், அதன் பிறகு பேச நேரம் தருவார்களா?

சித்தூர் அக்கா:
லாகின், பேமென்ட் வரை கேட்டால் நான் செய்யவே மாட்டேன். டிக்கெட் புக்கிங்கில் ஆளை எடைபோடும் இடம் ஒன்றுதான்: ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் பிடித்தால்? ஷோவும் சீட்டும் சேர்ந்த யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே சேர்க்கை இரண்டு முறை பதிவாகக்கூடாது என்ற விதி) டேட்டாபேஸில் இருந்தால் இரண்டாவது இன்சர்ட், அதாவது பதிவு, தோற்றுவிடும், இரண்டாமவருக்கு வேறு சீட் காட்டலாம். இதை மட்டும் எழுதி, நேரில் விளக்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். இன்டர்வியூ எடுத்தவர் மலையாளத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, ஒரு மணி நேரம் நல்ல பேச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றி அண்ணா, அக்கா. சீட் பகுதி மட்டும் செய்து தருகிறேன் என்று ஹெச்ஆருக்கு எழுதிவிட்டேன். யார் படிப்பார் என்றும் கேட்டிருக்கிறேன்.