எம்ப்டி பௌல்ஸ் விருந்து: உங்கள் பிள்ளைகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லுங்கள்

மிச்சிகன் அம்மா

மூன்று வருடம் ஆகியும் ஒன்று உறுத்துகிறது. எம்ப்டி பௌல்ஸ், அதாவது காலிக் கிண்ண விருந்து, வழக்கம்போலத்தான்: பிள்ளைகள் செய்த களிமண் கிண்ணத்தில் சூப், கூடவே பிரெட், சாப்பிட்டவருக்கே அந்தக் கிண்ணம், பணம் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் உணவு வங்கிக்கு. டிக்கெட் 15 டாலர். டிக்கெட் விற்கும் மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

மகளின் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். "என்னுடையது நீலம், அடியில் என் பெயர் இருக்கு" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா விலைப் பலகையைப் பார்த்தார். பர்ஸைத் திறக்கவில்லை. காரில் எதையோ வைத்துவிட்டதாகச் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. எழுந்து ஓடிக் கூப்பிட்டிருக்கலாம். அடுத்தவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் சனி, ஞாயிறுக்கான சாப்பாட்டுப் பை வாங்கிப்போகும் பிள்ளைகளில் அவனும் ஒருவன் என்று பிறகுதான் தெரிந்தது.

ராலே அப்பா

எங்கள் பையன் கிண்ணம் சூளைக்குள் வெடித்துவிட்டது. உள்ளே காற்றுக் குமிழி இருந்ததாம். பக்கத்தில் இருந்த ஐந்தும் சேர்ந்து போயின. டீச்சர் எதுவும் திட்டவில்லை. ஆனால் காரில் ஏறியதும் கேட்டான்: "அஞ்சு கிண்ணம் உடைஞ்சுதே, அப்போ அஞ்சு பேருக்குச் சாப்பாடு கிடைக்காதாப்பா?" நான் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சக்கரம் சுற்றுபவள்

ராலே சார், காற்றுக் குமிழி இல்லை, ஈரம்தான். எல்லாப் பள்ளியிலும் குமிழி மேல்தான் பழி போடுகிறார்கள். மண் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். பையனிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவன் பிசைந்ததில் தப்பே இல்லை. நான் இரண்டு வருடம் பள்ளியில் உதவிக்குப் போனேன், எனக்கும் ஒன்று வெடித்தது. அப்புறம் கற்றுக்கொண்டது இதுதான்: சுவர் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடிப்பக்கம்தான் எப்போதும் தடித்துவிடும், அங்கே பாருங்கள். ஒரு வாரமாவது காயட்டும், மழைக்காலமானால் இரண்டு. சூளையில் வைக்குமுன் கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கிளேஸ் (கிண்ணத்துக்குப் பூசும் பளபளப்புப் பூச்சு) டப்பாவில் உணவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, வீட்டுக்கு வந்த கிண்ணத்தில் ரசம் சூடு பண்ண மைக்ரோவேவில் வைக்காதீர்கள். குறைந்த சூட்டில் சுட்ட மண் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், ரசத்தைவிடக் கிண்ணம் கொதிக்கும்.

டல்லாஸ் நண்பன்

மிச்சிகன் அக்கா, நீங்கள் செய்ததில் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். மேசையில் இருப்பவர் ஆளுக்கு ஆள் காசு வாங்காமல் விட ஆரம்பித்தால் உணவு வங்கிக்கு என்ன மிஞ்சும்? எங்கள் பள்ளியில் சூப், பிரெட் எல்லாம் கடைக்காரர்கள் கொடுத்தது. வசூலில் ஒரு டாலர்கூட வேறு எதற்கும் போகவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

லான்சிங் வாசகி

டல்லாஸ் தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990இல் இதே மிச்சிகனில் ஜான் ஹார்ட்டம் என்ற ஓவிய ஆசிரியர் தொடங்கியபோது மாணவர்கள் கிண்ணம் செய்தார்கள், வந்தவர்கள் அதில் சூப் குடித்தார்கள், உலகில் எத்தனையோ கிண்ணம் காலியாக இருக்கிறது என்ற நினைப்போடு அதைக் கொண்டுபோனார்கள். அந்தக் கிண்ணத்தைச் செய்த பிள்ளையே வாசலோடு திரும்பிப் போவதா? இங்கே 2023 முதல் அரசுப் பள்ளியில் காலை, மதியச் சாப்பாடு எல்லாருக்கும் இலவசம். ராத்திரிக்கும் சனி, ஞாயிறுக்கும் யார் கொடுப்பது? யாருக்குத் தேவை என்று டீச்சர் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதனால் கிண்ணம் செய்த எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் இரண்டு டிக்கெட் பையிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள். முடிந்தவர்கள் பணம் போடட்டும். ஒருவரும் வாசலில் பலகையைப் பார்த்து நிற்க வேண்டாம்.

அக்கா, அந்த நீலக் கிண்ணம் என்ன ஆச்சு?

மிச்சிகன் அம்மா

கடைசிவரை மேசையில் இருந்தது. 15 டாலர் போட்டு நானே எடுத்து வந்தேன். மகளிடம் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். கொடுத்தால் அன்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று தள்ளிப்போட்டேன். அந்தக் கோடையில் அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். கிண்ணம் சமையலறை அலமாரியில் இருக்கிறது. உள்ளே அவன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே தெரிகிறது. இதுவரை அதில் எதுவும் ஊற்றவில்லை.