பிரான்மலை அடிவாரத்தில் மூன்றரை ஏக்கர், கையில் இரண்டரை லட்சம்: எந்தப் பழைய டிராக்டர்?

மேட்டுக்காடு:
சிங்கம்புணரிக்கும் பிரான்மலைக்கும் நடுவில் அப்பாவுடைய மூன்றரை ஏக்கர் இருக்கிறது. கீழ்ப்பாதி ஓரளவு சமம், கடலை போடுவோம். மேல்பாதி சரிவு. சரளை கலந்த செம்மண், நடுநடுவே மாமரம், அங்கங்கே கல். மழை பெய்து நாலைந்து நாளுக்குள் உழவு ஓட்டாவிட்டால் மண் இறுகிவிடுகிறது. அந்த நேரத்தில் வாடகை டிராக்டர்காரர் யாரும் போனை எடுப்பதில்லை. கையில் இரண்டரை லட்சம், இழுத்துப் பிடித்தால் மூன்று. பழைய மேஸி 1035 டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. 24 ஹெச்.பி. குபோட்டா, 4 வீல் டிரைவ், அதுவும் ஒன்று சொல்கிறார்கள், விலை கூடுதல். எதை வாங்கலாம்?

தேவகோட்டையான்:
இதில் கேட்க என்ன இருக்கிறது? மேஸி. 36 ஹெச்.பி., மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். காரைக்குடியில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அந்தக் குபோட்டா ஏறக்குறைய 650 கிலோதான் இருக்கும். நம் சரளையில் கொத்து இறங்குவதற்குள் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். உழவு இல்லாத நாளில் மேஸியில் டிப்பர் டிரெய்லரை மாட்டி நாலு காசு பார்க்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
தேவகோட்டைத் தம்பி, அவர் சரிவு என்று எழுதியிருக்கிறார், மாமரம் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் டிப்பருக்குப் போய்விட்டீர்கள். எங்கள் தோப்பு குன்றக்குடிப் பக்கம், மேடு பள்ளம்தான். வீட்டுக்காரர் இருந்த காலத்தில் பெரிய டிராக்டர் விட்டுப் பார்த்தோம். கிளையெல்லாம் முறிந்தது, சைலன்சர் மோதி மோதி மரத்தில் காயம். இப்போது சின்ன 4 வீல் டிரைவ்தான். ஐந்து கொத்துக் கலப்பை போதும். ஈரம் இருக்கும்போது ஓட்டினால் கொத்து இறங்கும். காய்ந்த பிறகு ஓட்டினால் மேஸியும் மேலாகத்தான் கீறிக்கொண்டு போகும்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறீர்கள். நான் கூட்டிப் பார்க்கிறேன். மூன்றரை ஏக்கருக்கு வருடம் முழுக்க எல்லா உழவும் சேர்த்து 20 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் வாடகை மணிக்கு 1,200, மொத்தம் 24,000. இரண்டரை லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் 17,500 வரும். டிராக்டர் வாங்கினால் அது போய்விடுகிறது. அதற்கு மேல் பேட்டரி, இன்சூரன்ஸ், டீசல், பத்து வருடத்துக்குள் ஒரு ஜோடி பின்டயர். மிச்சம் எங்கே? உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இருக்கிறது, பதிவு செய்து எடுக்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
மழை பெய்த மறுநாள் செயலியில் பதிவு செய்து பாருங்கள், கணக்குப்பிள்ளை. உங்களுக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும். ஈரம் காத்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் பவர் டில்லர். 13 ஹெச்.பி. வி.எஸ்.டி. சக்தி. புதிதாக வாங்கினால் சிறு, குறு விவசாயிக்கு மானியம் உண்டு. பழைய வண்டிக்கு எந்த மானியமும் கிடையாது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுக்காடு:
அப்பாவுக்கு 68 வயது. பவர் டில்லர் பின்னால் நடக்க முடியாது. நான் திருப்பூரில் இருக்கிறேன், மாதம் இரண்டு முறைதான் ஊருக்கு வருவேன். ஆச்சி சொல்வது சரியாகப் படுகிறது. ஆனால் மேஸிக்கும் குபோட்டாவுக்கும் விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

பழைய ஸ்பேனர்:
ஒரு கேள்வி தம்பி. மேல்காட்டில் 10 அடி நீளக் கம்பு ஒன்றின் ஒரு முனையை மேட்டில் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்தால், பள்ளத்துப் பக்க முனைக்கும் தரைக்கும் எத்தனை அடி?

மேட்டுக்காடு:
போன வாரம் பார்த்தேன். கீழ்ப்பாதியில் அரை அடி. மேல்பாதியில் 2 அடி. ஒரு மூலையில் இன்னும் கூடுதல்.

தேவகோட்டையான்:
2 அடியெல்லாம் ஒரு சரிவா? பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்த மலை அது. அவர் தேரே ஓடியிருக்கும்போது மேஸி ஓடாதா?

கணக்குப்பிள்ளை:
ஓடாததால்தான் கொடுத்துவிட்டார் போல.

பழைய ஸ்பேனர்:
சிரிப்பெல்லாம் சரி. பட்டறையில் கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திப் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

10 அடிக்கு 2 அடி என்றால் 11 டிகிரிக்குச் சற்று மேல். சும்மா நிறுத்தினால் எந்த டிராக்டரும் அதில் நிற்கும். ஓடும்போதுதான் விஷயம். மேஸியின் பின்சக்கரங்களுக்கு இடையே நாலரை அடி என்று வையுங்கள். சரிவுக்குக் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரம் முக்கால் அடிக் கல் ஒன்றில் ஏறினால் இன்னும் 9 டிகிரி கூடும். அதே நேரம் கீழ்ச்சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஆச்சி சந்தோஷப்பட வேண்டாம். சின்ன டிராக்டர் தாழ்வாக இருக்கிறது, சரி. ஆனால் அகலமும் குறைவு. சக்கர இடைவெளி மூன்றடி என்றால் அதே முக்கால் அடிக் கல் 14 டிகிரி சாய்த்துவிடும். சின்னது என்பதாலேயே கவிழாது என்று யாரும் நினைக்காதீர்கள். கல்லைப் பொறுக்கிவிட்டுத்தான் எந்த வண்டியையும் மேலே விட வேண்டும்.

4 வீல் டிரைவ் மேட்டில் ஏறத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது இறங்கும்போதுதான் காப்பாற்றும். நம் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். இறக்கத்தில் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். 4 வீல் டிரைவைப் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். எந்த வண்டியானாலும் சின்ன கியரில் இறங்குங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்கக் கூடாது. இடது, வலது பிரேக் பெடலைச் சேர்க்கும் தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்தால் அது சரிவில் வண்டியைத் திருப்பிப் போட்டுவிடும். மாமர வேரை இழுக்கிறேன் என்று கலப்பையின் மேல்கம்பியான டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே விழும். தாழ இருக்கிற இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும்.

மேஸியை வாங்கினால் பின்ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டலாம். டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றலாம். ஒரு டயருக்கு 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். எடை கீழேயே நிற்கும், பிடிப்பும் கூடும்.

தேவகோட்டையான்:
ஸ்பேனர் அண்ணன் கடைசியில் மேஸிக்குத்தான் வந்தார்.

பழைய ஸ்பேனர்:
வரவில்லை. அது எங்கே ஓடிய வண்டி என்று தெரியாமல் வர மாட்டேன்.

மேட்டுக்காடு:
அறந்தாங்கிப் பக்கத்து வண்டி. இரண்டாவது ஓனர். பெயின்ட் புதிதாக இருக்கிறது. ஓடிய மணிநேரம் காட்டும் ஹவர் மீட்டர் ஓடவில்லை.

பழைய ஸ்பேனர்:
அறந்தாங்கி என்றால் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், சேற்றுழவு. கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் உழன்ற வண்டிக்குப் பின் ஆக்ஸில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். செங்கல் சூளையில் டிப்பர் இழுத்த வண்டி என்றால் வேறு நோய்: கிளட்ச் பிளேட், பிரேக், கியர். சரிவுக் காட்டுக்கு அந்த மூன்றும்தான் முக்கியம்.

பெயின்டைப் பார்க்காதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. வந்தால் சிலிண்டர் போர், பிஸ்டன் வேலை. கலப்பையை மாட்டித் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கலப்பை தரைக்கு வந்திருந்தால் லிஃப்டில் செலவு. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் ஆட்டம் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
காகிதத்தை யாரும் பேசவில்லை. ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான், தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்க வேண்டும். அதில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதைச் சொல்லாமலே விற்பார்கள். இத்தனை பாட்டுக்கும் பேசாமல் வாடகைக்கு...

பள்ளத்தூர் ஆச்சி:
ஆரம்பித்துவிட்டார். மேட்டுக்காடு, நான் ஒன்று கேட்கிறேன். மேல்பாதியை எதற்காக உழ வேண்டும்? ஸ்பேனர் தம்பி மேலும் கீழும் ஓட்டினால் பத்திரம் என்பார். ஆனால் அப்படி உழுதால் ஐப்பசி மழை சால் வழியாகவே மண்ணைக் கண்மாய்க்குக் கொண்டுபோய்விடும். குறுக்கே உழுதால் மண் நிற்கும், வண்டி சாயும். இதற்கு டிராக்டரில் தீர்வு கிடையாது. நாங்கள் செங்குத்தான இடத்தில் கல்வரப்புப் போட்டு, உழவை விட்டுவிட்டோம். புல்லை வெட்டி மரத்தடியில் போடுகிறோம், அவ்வளவுதான். சின்ன வண்டி ஓடுவது மற்ற இடத்தில்.

தேவகோட்டையான்:
உழாமல் விட்டால் களை ஏறி மரத்தின் சத்தையெல்லாம் தின்னும் ஆச்சி. எங்கள் ஐயா கோடை உழவு போடாமல் ஒரு வருடம் விட்டதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
உங்கள் ஐயா மாடு கட்டி உழுதார் தம்பி. மாடு கவிழாது.

மேட்டுக்காடு:
ஆச்சி சொல்வதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் கோபம். அப்புறம் அவரே, மூலையை உழுது வருடக் கணக்காகிறது என்றார். மேல்பாதியில் பாதியை விட்டுவிட்டால் மிச்சம் மேஸிக்குத் தாங்கும் போலிருக்கிறது. வண்டியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். கியர் ஆயில் வெளுத்திருந்தால் வேண்டாம் என்று முடிவு.

கணக்குப்பிள்ளை:
இப்போது உழவு பரப்பு இன்னும் குறைந்துவிட்டது. மணிக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமா?

மேட்டுக்காடு:
வேண்டாம் சார். அப்பா வண்டிக்குக் கொட்டகை போட இடம் பார்த்துவிட்டார்.

பழைய ஸ்பேனர்:
சனிக்கிழமை இரவே போன் செய்து, நான் வரும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போய் முதல் வேலையாக இன்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். பின்டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டயர் ரொம்பப் பழசென்றால் அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டையான்:
என் மச்சானிடம் ஒரு டிப்பர் சும்மா நிற்கிறது. ஆர்.சி.யோடு. வேண்டுமென்றால் சொல்லுங்கள்.