அப்பாவின் பழைய காரில் கிளட்ச் மாட்டலாமா?

நான்: அப்பாவின் கார் பற்றி எல்லோரிடமும் கேட்க வேண்டும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வேகம் ஏறுவதில்லை. அப்புறம் ஒரு குலுக்கலோடு கியர் பிடிக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை இறக்கிவிட்டு மேனுவல் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அத்தை: எதையாவது செய், விற்க மட்டும் விற்காதே. அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி.

பெரியப்பா: இருப்பதை ரிப்பேர் செய்வதுதானே? எல்லோரும் கிளட்ச் வேண்டாம் என்று ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறார்கள், நீ திரும்பிப் போகிறாய்.

நான்: ஆள் கிடைக்கவில்லை பெரியப்பா. ஆட்டோமேட்டிக் பாக்ஸைப் பிரித்து, உள்ளே ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடி வரை கழுவிப் பூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மேனுவல் என்றால் பெரும்பாலான மெக்கானிக்குகள் தைரியமாகக் கை வைப்பார்கள். எனக்கும் கியர் போட்டு ஓட்டுவதில்தான் பிரியம்.

அக்கா: ஒரு பெடலை வைத்து, கியர் கம்பியை மாற்றினால் முடிந்துவிடாதா மாமா?

மாமா: இல்லைம்மா, அவ்வளவு சுலபம் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுங்கள்.

மாமா: ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். அதற்குள் சுழலும் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. அது எஞ்சினோடு சேர்வது ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகட்டில். மேனுவலுக்கு அந்தத் தகடு உதவாது. கிளட்ச் பிளேட் உரசிப் பிடிக்க ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் வேண்டும், அதற்கான நீள போல்ட்டும் வேண்டும். தகட்டைப் பிடித்திருந்த பழைய போல்ட்டைப் போட்டால் மரை போதுமான அளவுக்கு ஏறாது. சில எஞ்சின்களில் பாலன்ஸ் எடையை ஃப்ளைவீலிலேயே வைத்திருப்பார்கள். பொருந்துகிறதே என்று வேறு எஞ்சினின் ஃப்ளைவீலைப் பூட்டினால் வண்டி முழுவதும் அதிரும், எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் பேரிங்கும் கெடும்.

மாமா: அடுத்தது கிராங்கின் பின்முனை. எஞ்சின் சக்தியை மேனுவல் பாக்ஸுக்குள் வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி அங்கே பைலட் பேரிங் என்ற சிறு பேரிங்கில் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கென்று வந்த சில கிராங்குகளில் அந்தத் துளையைச் சரியான அளவுக்குக் கடைந்திருக்க மாட்டார்கள்.

நான்: அப்படி இருந்துவிட்டால்?

மாமா: அந்த எஞ்சினுக்கென்றே செய்த மாற்று பேரிங் கிடைத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் கிராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பெரியப்பா: கியர் பாக்ஸ் மாற்றப் போய் எஞ்சினையே பிரிப்பதா!

மாமா: எல்லா வண்டியிலும் இல்லை அண்ணா. ஆனால் அது தெரியாமல் இறங்கக் கூடாது. அப்புறம் நம் கார் ரியர் வீல் டிரைவ். பாக்ஸின் நீளம் மாறினால் பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் வேறு நீளத்தில் வேண்டும், பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் இடம் மாறும். பெடல் செட்டை முழுதாக மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக்கின் பிரேக் பெடல் அகலமானது. அதன் பக்கத்தில் கிளட்ச் பெடலை நெருக்கி வைத்தால் அவசரத்தில் கால் இரண்டிலும் படும். கிளட்சை இயக்க வண்டியைப் பொறுத்து கேபிளோ, திரவ அழுத்தத்தில் இயங்கும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களோ வரும்.

அக்கா: வயரிங்கும் மாறுமா?

மாமா: மாறும், அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பார்க் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி பாக்ஸில் ஒரு சுவிட்ச் உண்டு. பாக்ஸ் போனால் அதுவும் போகும், சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சத்தமே வராது. பலர் அந்த இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். அதை மட்டும் யார் செய்தாலும் விடாதே மாப்பிள்ளை. கியரில் நிற்கும் வண்டியில் யாராவது சாவியைத் திருப்பினால் முன்னால் நிற்பவர் மேல் பாய்ந்துவிடும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதன் வழியாகத்தான் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும்.

நான்: நம் காரில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதான் இசியு, தகராறு செய்யுமா?

மாமா: கார்புரேட்டர் வண்டி என்றால் இந்தக் கவலையே இல்லை. உன் காரின் இசியு கியர் பாக்ஸிலிருந்து சிக்னலை எதிர்பார்த்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஐடிலிங்கும் சரியாக நிற்காமல் போகலாம். அதே மாடலின் மேனுவல் இசியுவைப் போடுவது நல்லது.

மாமா: அதனால் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்க்கும் எண்ணமே வேண்டாம். அதே மாடல், அதே எஞ்சின், மேனுவலாக வந்த ஒரு வண்டி முழுதாகக் கிடைத்தால் மட்டும் இறங்கலாம். மோதி நசுங்கி உடைக்கப் போட்டதாக இருந்தாலும் சரி. பிராக்கெட், ரப்பர், ஒவ்வொரு போல்ட்டும் அதிலிருந்தே வந்துவிடும். வோல்வோ 240, பிஎம்டபிள்யூ இ30 இரண்டும் இரு வகைப் பாக்ஸிலும் விற்றவை. அப்படிப்பட்ட கார்களில்தான் இந்த வேலை ஒழுங்காக முடியும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல் இவை மட்டும் புதிதாக இருக்கட்டும்.

பெரியப்பா: இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்ல வேண்டாமா?

மாமா: கட்டாயம் சொல்ல வேண்டும். பதிவு ஆவணத்தில் மாற்ற வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்: மேனுவல் பாக்ஸுக்கு ஜிஎல்-5 என்ற தர எண் போட்ட கியர் ஆயில்தான் உயர்ந்தது என்கிறார்களே மாமா?

மாமா: அந்தப் பாக்ஸின் புத்தகம் கேட்பதுதான் உயர்ந்தது. ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு நல்லது. அதில் சேர்க்கும் கந்தகப் பொருள் சில பழைய பாக்ஸ்களில் கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸ் உண்டு, ஆட்டோமேட்டிக் ஆயிலையே கேட்கும் மேனுவல் பாக்ஸும் உண்டு.

அம்மா: எல்லாம் படித்தேன். மாற்றிய பிறகு நான் எப்படி ஓட்டுவது?

அக்கா: அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்.

அம்மா: என் இடது முழங்காலுக்காகத்தான் அப்பா ஆட்டோமேட்டிக் பார்த்து வாங்கினார். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து விட என்னால் முடியாது. என் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான்.

நான்: நீ ஓட்ட முடியாதபடி எதையும் செய்ய மாட்டேன் அம்மா.

மாமா: உன் அம்மா ஓட்டுகிற வண்டி என்றால் அதற்குத் தகுந்த மாதிரிதான் யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை, பாக்ஸ் ஆயிலைப் பார்த்தாயா? உங்கள் காரில் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

நான்: [படம்]

நான்: கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. நிறம் மங்கிய சிவப்பு.

மாமா: கருகிய வாடை? கையில் துகள் தட்டுப்படுகிறதா?

நான்: இரண்டும் இல்லை.

மாமா: நல்ல செய்தி. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அழுத்தம் விழும், உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும். நீ சொன்ன உறுமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் பக்கத்திலிருந்து பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கேபிளின் அளவு தப்பியிருந்தாலும் இதே மாதிரி செய்யும். சரி பார்க்கும் வரை வண்டியை எடுக்காதே, வழுக்க வழுக்கத் தகடு தேயும். வண்டிக்கு அடியில் ஒழுகல் இருக்கிறதா?

நான்: பாக்ஸின் ஆயில் பான் விளிம்பு ஈரமாக இருக்கிறது. கூலருக்குப் போகும் குழாய்கள் காய்ந்துதான் இருக்கின்றன.

மாமா: அப்படியென்றால் பான் கேஸ்கெட்தான் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கேஸ்கெட், ஃபில்டர், புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ஆயில், மூன்றும் வாங்கி வை.

அக்கா: அதிலும் சரியாகவில்லை என்றால் மாமா?

மாமா: பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பார்ப்போம். உள்ளேதான் கோளாறு என்றால் இதே வகை ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் போடுவோம். பெடல், ஷாஃப்ட், வயரிங் எதையும் தொட வேண்டியதில்லை. உங்கள் அம்மா ஓட்டும் வரை இந்தக் காருக்குக் கிளட்ச் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

நான்: சரி மாமா. மேனுவல் பாக்ஸ் ஒன்று பார்த்து வைத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

மாமா: பாக்ஸின் பக்கத்தில் ஒரு சிறிய தகட்டில் நம்பர் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. ஃபில்டர் அதைப் பொறுத்து மாறும்.

நான்: [படம்]

மாமா: தெளிவாக இருக்கிறது. இதையே கடையில் காட்டு.