வேலையை விட்டுவிட்டு எம்.டெக். சேரலாமா?

பாதிரிப்புலியூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். 2022-இல் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை), மாதம் கையில் வருவது 26,000. சேர்ந்த நாளிலிருந்து அதே ப்ராஜெக்ட், அதே எக்செல் ஷீட். ராத்திரியில் உட்கார்ந்து படித்து, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதினேன். தகுதி பெற்றுவிட்டேன், ஆனால் ஐ.ஐ.டி.யை எட்டிப் பார்க்கும் மார்க் இல்லை. புதுச்சேரியில் எம்.டெக். கிடைத்தால் கடலூரிலிருந்தே போய்வரலாம். "கிடைத்த வேலையை யாராவது விடுவார்களா?" என்கிறார் அப்பா. அம்மா போடும் கணக்கு வேறு, என் வயதில் பெண் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கெடிலம்:
அப்பா சொல்வதுதான் சரி. 26,000 வீதம் 24 மாதச் சம்பளம் 6,24,000 போகிறது. கேட் தகுதியோடு சேருபவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசுக் குழு) தரும் உதவித்தொகை மாதம் 12,400, மொத்தம் 2,97,600. ஆக 3,26,400 பள்ளம், அதற்கு மேல் ஃபீஸ். இரண்டு வருடம் கழித்து கேம்பஸுக்கு வரும் கம்பெனி, பி.இ. பையனுக்கு வைக்கும் அதே டெஸ்டைத்தான் உங்களுக்கும் வைக்கும். நான் பத்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், படித்தது வெறும் பி.இ.தான், எத்தனையோ பேரை இன்டர்வியூ எடுத்திருக்கிறேன், ரெஸ்யூமில் எம்.டெக். இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டெஸ்டிங் அலுத்துவிட்டதா? ஆறு மாதம் ஜாவாவும், டெஸ்டிங்கைத் தானாக ஓட்டும் செலினியம் என்ற கருவியும் படித்து ஆட்டோமேஷனுக்கு மாறுங்கள். பல் வலிக்கு மொட்டை அடித்துக்கொள்ளாதீர்கள்.

முருங்கப்பாக்கம்:
கெடிலம் அண்ணன் கணக்கில் சென்னை ஹாஸ்டல் வாடகையைக் காணோம். சாப்பாட்டோடு 8,000 என்று குறைத்து வைத்தாலும் 24 மாதத்துக்கு 1,92,000. வீட்டிலிருந்து போய்வந்தால் அது மிச்சம். பள்ளம் 1,34,400 ஆகிவிட்டது பாருங்கள்.

நான் 2019-இல் வேலையை விட்டுவிட்டு வெளியூரில் எம்.டெக். சேர்ந்தவன். முதல் செமஸ்டரில் எங்கள் சார் எக்ஸ்வி6-ஐக் கையில் கொடுத்தார். பாடம் நடத்துவதற்கென்றே எம்.ஐ.டி.யில் எழுதிய சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். பி.இ.யில் ஷெட்யூலிங் (எந்த ப்ரோக்ராம் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது) பற்றிப் பதினாறு மார்க் விடை எழுதியிருக்கிறேன். ஷெட்யூலரின் நிரலை வரிவரியாகப் படித்து, மாற்றி, கெடுத்து, திரும்பச் சரிசெய்தது அங்கேதான். அப்புறம் இரண்டாம் வருடம் முழுக்க தீசிஸ். ஒரே பிரச்சினையோடு குடும்பம் நடத்தினேன். இப்போது ஸ்டோரேஜ் தொடர்பான வேலையில் இருக்கிறேன். இன்டர்வியூவில் முக்கால் மணி நேரம் அந்தத் தீசிஸைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உதவித்தொகை மாதாமாதம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு முதல் ஐந்து மாதம் வரவே இல்லை, பிறகு மொத்தமாக வந்தது. நடுவில் அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

கெடிலம்:
வளையலைச் சொன்னீர்களே, நன்றி. என் கட்சியை நீங்களே பேசிவிட்டீர்கள். எக்ஸ்வி6-இன் நிரல் இணையத்தில் இலவசம். ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்புகள் ஐ.ஐ.டி.க்காரர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல்லில் இலவசம். இதற்கு எதற்கு வளையல்?

முருங்கப்பாக்கம்:
இலவசம்தான். பத்து வருடத்தில் நீங்கள் அதைத் திறந்து பார்த்தீர்களா?

கெடிலம்:
இல்லை. தேவைப்படவில்லை.

முருங்கப்பாக்கம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்களுக்குத் தேவைப்படவில்லை. தங்கச்சி ராத்திரியில் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

பலாக்கொட்டை:
இரண்டு அண்ணன்மாரும் அடித்துக்கொள்வதில் கேள்வி கேட்ட பெண் ஓடிவிட்டாள். ஜெர்மனி போகலாமே? அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்று எங்கள் பண்ருட்டியில் டீக்கடை வரை பேசுகிறார்கள்.

கெடிலம்:
கட்டணம் இல்லை, சரி. விசாவுக்கு முன்னால் ஒரு வருடச் செலவு என்று 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் (மாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். உங்கள் முந்திரித் தோப்பை எழுதிக் கொடுப்பீர்களா?

பலாக்கொட்டை:
அது மூன்று பங்காளிகளின் பெயரில் இருக்கிறது. நான் கிளம்புகிறேன்.

சாக்பீஸ்:
இந்த மாவட்டத்திலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். "எம்.டெக். முடித்தால் லெக்சரர் ஆகலாம்" என்று யாராவது வந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். ஆகலாம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு அந்தப் பட்டம் போதும். ஆனால் நான் சேர்ந்தபோது வாங்கிய சம்பளம் நீ இப்போது வாங்குவதைவிடக் குறைவு, அதுவும் இரண்டு தவணையாக. மேலே போக வேண்டுமென்றால் பி.எச்டி. வேண்டும். அந்த ஆசையில் சேராதே அம்மா.

இன்னொன்று. வேலையையும் வைத்துக்கொண்டு உதவித்தொகையும் வாங்கலாம் என்று சில பேர் யோசனை சொல்வார்கள். கேட்காதே. அது முழுநேர மாணவருக்கு மட்டும்தான். வாரம் 8 முதல் 10 மணி நேரம் லேபிலோ வகுப்பிலோ உதவியும் செய்ய வேண்டும்.

கேட் மார்க் மூன்று வருடம் செல்லும், அவசரமே இல்லை. நெய்வேலி என்.எல்.சி. கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கிறது, எந்த வருட மார்க் செல்லும் என்று அறிவிப்பிலேயே இருக்கும். அதையும் ஒரு கண் பார்த்துக்கொள். சேருவதற்கு முன்னால் நேரில் போ. 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில். பழைய பொறியியல் கல்லூரி, 2020 முதல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பக்கத்தில் பிள்ளைச்சாவடியில். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்காதே, எல்லோரும் நூறு சதவீதம் என்பார்கள். போன வருட மாணவர்கள் செய்த தீசிஸ்களை நூலகத்தில் எடுத்துப் புரட்டு. படிக்கப் படிக்கத் தூக்கம் வந்தால் திரும்பிவிடு.

அது சரி, கேட்டில் எந்தப் பாடத்தில் மார்க் வந்தது?

கெடிலம்:
சார் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வேலையை விடாமலே படிக்க வழி இருக்கிறதே. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இலேயே இணையவழி முதுகலையை ஆரம்பித்துவிட்டது, மொத்தச் செலவே ஏழாயிரம் டாலர் அளவில்தான். சம்பளமும் வரும், பட்டமும் வரும்.

முருங்கப்பாக்கம்:
பகலில் எக்செல், ராத்திரியில் அசைன்மென்ட், அதுவும் வருடக்கணக்கில். கேட்டுக்கு முழித்த கண்ணுக்கு இதுவுமா?

பாதிரிப்புலியூர்க்காரி:
மன்னிக்கவும், ஷிஃப்டில் இருந்தேன். கெடிலம் அண்ணா, ஆட்டோமேஷன் டீமுக்கு மாற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்று இரண்டு தடவையும் சொன்னார்கள். வேறு கம்பெனிக்கும் முயலாமல் இல்லை.

சாக்பீஸ் சார், மார்க் வந்தது ஆபரேட்டிங் சிஸ்டத்தில். கணக்கில் படுத்துவிட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வரும் செமஃபோர் கணக்கு ஒன்றை மூன்று நாள் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது பிடிபட்டது, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். பட்டம் இல்லாமல் அது எனக்குக் கிடைத்ததா, பட்டத்துக்குப் போனால்தான் இன்னும் கிடைக்குமா என்பதில்தான் குழப்பம்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். திங்கள் காலை கடலூரில் ஏழு மணிக்கு பஸ் ஏறினால் ஒன்பது மணிக்குள் காலாப்பட்டு போய்விடலாமா?

முருங்கப்பாக்கம்:
போகலாம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் போகும் பஸ்ஸைப் பிடி.

கெடிலம்:
ஆறரைக்கே ஏறுங்கள். திங்கட்கிழமை காலையில் அரியாங்குப்பம் பாலத்தில் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும். ராஜினாமா கடிதத்தை மட்டும் இன்னும் டைப் அடிக்காதீர்கள்.