புதுப்பிப்பு: சிர்சா போர்வெல் உப்புத் தண்ணீரில் வனாமி இறால், குஞ்சு சாவது நின்றுவிட்டது

ஹரியானா சிர்சா பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் குளத்தில், போர்வெல் தண்ணீரில் உப்பு 10 பிபிடி (ஆயிரத்தில் 10 பங்கு) இருந்தும் வனாமி குஞ்சுகள் வால் சுருண்டு சாவது ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. "உப்பை விடுங்க, பொட்டாசியத்தைப் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி.

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம்கூட இல்லை. கடல் தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்து இதே 10 பிபிடிக்குக் கொண்டுவந்தால் 110 வாக்கில் இருக்கும். உரக்கடை மியூரேட் ஆஃப் பொட்டாஷ்தான் (பொட்டாசியம் குளோரைடு) போட்டோம். அதில் பாதிதான் பொட்டாசியம் என்பதால், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்றவே 80 கிலோ போகிறது, செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெக்னீசியமும் குறைவுதான், அதற்கு மெக்னீசியம் குளோரைடு.

எதிர்பார்க்காதது ஒன்று: சில வாரங்களில் அளவு மறுபடி இறங்கிவிட்டது. குளத்துக் களிமண் பொட்டாசியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, அதனால் அவ்வப்போது அளந்து திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், புதுக் குஞ்சு இறக்கும் முன் கொஞ்சத்தை வலைக்கூண்டில் கட்டி அதே தண்ணீரில் விட்டுப் பார்த்தோம், பிழைத்த பிறகுதான் மீதி.

இப்போது தீவனம் நன்றாக எடுக்கிறது. இந்த ஊர்க் குளிரை வனாமி தாங்காது, நவம்பருக்குள் பிடித்துவிடுவோம்.