டிரெய்னியாக லைனுக்குப் போன நாட்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எம்.பி.ஏ. முடித்ததும் 2018 ஜூனில் சோப்பு, ஷாம்பு, க்ரீம் விற்கும் ஒரு பெரிய கம்பெனியில் மார்க்கெட்டிங் டிரெய்னியாகச் சேர்ந்தேன். 18 மாதப் பயிற்சி. முதல் 6 மாதம் விற்பனை, அப்புறம் கொஞ்ச நாள் கிராமம், பிறகு மும்பையில் பிராண்ட் டீம், கடைசியில் ஏஜென்சிகளின், அதாவது எங்கள் சரக்கை வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவர்களின், கணக்கு வழக்கைப் பார்க்கும் பிரிவு. இந்த வேலைக்குப் போக விரும்பும் தம்பி தங்கைகள் நேர்முகத் தேர்வு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் லைனில், அதாவது சேல்ஸ்மேனோடு கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போகும் வழியில், நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது கடலூர். ஷாம்பு விற்கப் போகிறவளுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து எளியவர்கள் கைக்கும் எட்ட வைத்த சின்னிகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன்தான் 1983-ல் 15,000 ரூபாயை வைத்து சிக் ஷாம்புவை ஆரம்பித்தவர். பழைய கடைக்காரர்கள் சிலர் இதைச் சொந்தக்காரர் கதை போலச் சொல்வார்கள்.

என்னை அழைத்துப் போன சேல்ஸ்மேன் அண்ணன் அந்த லைனில் 20 வருடம் ஓடியவர். ஒரு நாளைக்கு 35, 40 கடை. அவர் கடைக்குள் நுழைந்ததும் ஆர்டர் கேட்க மாட்டார். நிற்கிற வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்று, மேல் தட்டில் இருக்கும் எங்கள் பெட்டிகளைத் துணியால் துடைப்பார். பழைய தேதி போட்டதை முன்னால் நகர்த்துவார். அதற்குள் எது தீர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் திரும்பும்போது, "அண்ணாச்சி, ஷாம்பு ரெண்டு சரம்தான் இருக்கு" என்பார். அவ்வளவுதான், ஆர்டர் வந்துவிடும். இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து நான் கற்றதைவிட அந்தத் துடைக்கும் துணியிடம் கற்றது அதிகம்.

பெண்களுக்கு ஒரு விஷயம்: லைனில் கழிப்பறை கிடையாது. முதல் வாரம் தண்ணீரே குடிக்காமல் சுற்றி, நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டேன். பிறகு அண்ணன்தான் மதியம் ஏஜென்சி முதலாளி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார். அதற்காக அவர் தினமும் இரண்டு கடையை மாலைக்குத் தள்ளிவைத்தார். சேருவதற்கு முன்பே இதைக் கம்பெனியிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

முதுநகரில் ஒரு அண்ணாச்சி கடை. நவம்பர் மாதம். நான் புதிய ஸ்கீமைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். தேதி முடிந்த எங்கள் முகக் க்ரீம், 4,300 ரூபாய்க்கு.

"போன வருசம் உன்ன மாதிரியே ஒரு பையன் வந்தான்மா. போகலேன்னா நாங்களே எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டுப் போனான். ஆளையே காணோம்."

மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஏற்றிவிட்ட சரக்கு அது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் வாங்கித் தர்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அண்ணன் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "மேடம், நீங்க சொன்னா அது நான் சொன்ன மாதிரிதான் அவருக்கு" என்றார். அவர் எனக்குத் துணை நிற்கிறார் என்றுதான் அப்போது புரிந்துகொண்டேன்.

பெட்டியைப் போட்டோ எடுத்து, அந்தத் தொகையைக் கேட்டு கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்பினேன். இரண்டு முறை நினைவூட்டினேன். டிசம்பரோடு என் முறை முடிந்தது. அடுத்த ஊர், அடுத்த வேலை, அடுத்த பிரசன்டேஷன். உண்மையைச் சொன்னால், மார்ச்சுக்குள் அந்தப் பெட்டி என் நினைவிலிருந்தே போய்விட்டது.

2019 ஆகஸ்டில் மும்பையில் கணக்குப் பிரிவுக்கு வந்தேன். நிலுவை கிளெய்ம்களின் பட்டியலை ஓட்டிக்கொண்டிருந்தபோது கடலூர் ஏஜென்சியின் பெயர் கண்ணில் பட்டது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று சரக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்) தெரியும்படி போட்டோ இல்லை. நான் எடுத்தது அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தை மட்டும். அப்படியே ஏற்றிருந்தாலும் பணமாகக் கிடைத்திருக்காது. அந்தத் தொகையை வரவு வைத்து ஏஜென்சிக்கு கிரெடிட் நோட் போகும், அதை அண்ணாச்சி அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். இது எதுவும் தெரியாமல்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். "அது பொங்கலுக்கே முடிஞ்சிடுச்சும்மா" என்றார். மூன்று தவணையாகத் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். அப்போது அவர் சம்பளம் மாதம் 14,000 ரூபாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அடுத்த வேலைக்குப் போயிட்டீங்க. நான் திங்கக்கிழமை மறுபடியும் அந்தத் தெருவுக்குத்தானே போகணும்?"

எல்லாத் துறையையும் டிரெய்னி பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயிற்சியை அமைத்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை, எனக்கும் பலன் தந்தது. ஆனால் நாம் நகர்ந்த பிறகு நம் வார்த்தையைச் சுமக்கிறவர் அங்கேயே இருக்கிறவர். அதனால் கடையில் எதையும் வாயால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் பேட்ச் எண், தேதி, தொகை எல்லாவற்றையும் எழுதி, உங்களுக்கு அடுத்து வரும் டிரெய்னிக்கும் ஏரியா அதிகாரிக்கும் கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். சேல்ஸ்மேனுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

திருநெல்வேலி, 2023 பேட்ச்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி, அக்கா. புதிய பற்பசைக்கு ஒரே நாளில் ஊர் முழுக்க அறிமுகம் என்று தலைமை அலுவலகத்தில் தேதி குறித்தார்கள். மே 5. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, சாம்பிள் பெட்டி ஏற்றி, காலை 8 மணிக்குக் கிளம்பினோம். போன இடமெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. தமிழ்நாட்டில் அன்று வணிகர் தினம். ஏஜென்சி முதலாளியிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "தேதி போட்டு மெயில் வந்துச்சு தம்பி, சரியான்னு யாரும் கேக்கலியே" என்றார். அதற்குப் பிறகு எந்தத் திட்டம் வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான்.

உசிலம்பட்டி பக்கம் கிராமப் பயிற்சி, பிறகு பிராண்ட் டீம், 2022:

கிராமத்தில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா, 10 ரூபாய் சோப்பை வாங்கியதும் நூலால் இரண்டாக அறுத்து ஒரு பாதியை எடுத்து வைப்பார். முழுசாகப் போட்டால் தண்ணீரில் கரைந்து வீணாகும் என்பார். அந்த வருடம் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது சோப்புக்கான எண்ணெய் விலை ஏறியது. 10 ரூபாயைத் தொடாமல் சில கிராம் குறைக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். நூலை வைத்து அறுக்கிறவர் கவனிப்பார் என்று எழுந்து சொன்னேன். கிராம் குறையத்தான் செய்தது. ஆனாலும் அன்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அக்காவைத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

கோவை, இந்த வருடம் சேர்ந்தவள்:

அக்கா, அந்த அண்ணனுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா?

கடலூர், 2018 பேட்ச்:

கிளெய்ம் வழியாகக் கிடைக்கவில்லைம்மா. சரக்கை அழித்துவிட்டார்கள், பேட்ச் எண்ணைக் காட்ட எதுவும் மிச்சமில்லை. என் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன் என்றேன், வங்கிக் கணக்கு எண்ணையே தர மறுத்தார். 2020 பொங்கல் விடுமுறையில் நேரில் போனேன். அவர் மனைவி முன்னால் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்து 100 ரூபாயைத் திருப்பித் தந்தார். கடைசித் தவணையில் அண்ணாச்சி 100 ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டாராம்.