பாறசாலையிலிருந்து ஒரே நாளில் போய்வரக் கடலோர ஊர்கள், கோவளமும் கன்னியாகுமரியும் வேண்டாம்

பாறசாலை_புதுசு

வணக்கம். திருப்பூரிலிருந்து வேலைக்காகப் பாறசாலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை நாளில் கடல் என்று போனது கோவளமும் கன்னியாகுமரியும் மட்டும்தான், இரண்டிலும் கார் நிறுத்த இடம் தேடியதுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் கேரளப் பள்ளியில் படிப்பதால் ஓணத்துக்குப் பத்து நாள் லீவு, அப்பா அம்மாவும் வருகிறார்கள். மேப்பைப் பார்த்தால் பூவாரிலிருந்து முட்டம் வரை கடலை ஒட்டி ஊர் ஊராகத் தொடுத்து வைத்த மாதிரி கிடக்கிறது. காலையில் கிளம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட முடியுமா? பாறையும் அலையும் இருக்கிற இடம் வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க மாட்டார். சின்னவனுக்கு ஆறு வயது, பாறையைக் கண்டால் ஏறாமல் விடமாட்டான். அப்பாவுக்கு மீன் நன்றாகக் கிடைத்தால் போதும், கடல் இரண்டாம்பட்சம்.

கோதையாறு

எல்லாவற்றையும் ஒரே நாளில் என்றால் கார் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். அந்த ஊர்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லை, ஒரு ஊர்க் குருசடி (சிலுவை நிற்கிற சின்னக் கோயில்) முடிந்தால் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் வந்துவிடும், தெருவோ ஒரு வேன் எதிரே வந்தால் நின்று வழிவிட வேண்டிய அகலம். நான் மார்த்தாண்டம், என் கணக்கு எப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு ஊர்தான். காலையில் குளச்சல், சாயங்காலம் முட்டம்.

மார்த்தாண்டம் வந்து கருங்கல் வழியாக இறங்குங்கள். குளச்சலுக்கு வெயில் ஏறும் முன் போய்விட்டால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், ஓணத்துக்குள் அது முடிந்துவிடும் என்பதால் மீனுக்குப் பஞ்சம் இருக்காது, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண் நிற்கும். 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கான வெற்றித் தூண் அது. அந்தச் சண்டையில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு அதே ராஜாவிடம் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பேர் வாங்கி இந்த மண்ணிலேயே செத்தார். கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தோற்க வந்தவனுக்குக் கோட்டைக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது எப்போதும் ஆச்சரியம்தான். திரும்பும்போது தக்கலை வழியாக வந்தால் வழியில்தான், ஆனால் இருட்டிவிடும், வேறொரு நாள் பாருங்கள்.

குளச்சலிலிருந்து முட்டம் போகிற வழியில் மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி. மண்டைக்காட்டில் பகவதியைப் பார்த்துவிட்டுப் போகலாம், மாசிக் கொடைத் திருவிழா சமயம் என்றால் அந்தப் பக்கம் காரோடு போவதை மறந்துவிடுங்கள், ஓணத்துக்குப் பிரச்சினை இல்லை. மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள், அதில் இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் எல்லாம் உண்டு, மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கேதான் இருக்கிறது.

முட்டம்தான் நீங்கள் கேட்ட பாறை. செம்மண் மேடு, மேலே கலங்கரை விளக்கம், கீழே பாறை பாறையாக இறங்கிக் கடலுக்குள் போகும். நாலு மணிக்குப் போய்ச் சூரியன் இறங்கும் வரை உட்காருங்கள். அம்மா மேட்டிலேயே இருந்துகொள்ளலாம், கடல் நன்றாகத் தெரியும், கீழே இறங்கினால்தான் முட்டி பேசும்.

தூத்தூர்க்காரன்

கோதையாறு அண்ணன் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள். எங்கள் கடலோர ஊர்களில் அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள், கோயில் பூசை நாள், மீன் ஏலம் இருக்காது. சனிக்கிழமை வந்த மீனை ஐஸில் போட்டு விற்பதை வாங்கிவிட்டு "குளச்சல் மீன் சுமார்தான்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் சின்னவன் விஷயம். கடல் அமைதியாகக் கிடக்கும், காற்றே இருக்காது, திடீரென்று ஒரு அலை வந்து பாறையை மூடிவிட்டுப் போகும். கள்ளக்கடல் என்போம். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்றில் கிளம்பிய அலை, இங்கே வானத்தில் ஒரு அடையாளமும் இல்லாமல் வந்து சேரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படித்தான், எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. அதனால் கிளம்பும் முன் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். பாறை ஈரமாக இருந்தால் அலை அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பையன் கையை விடாதீர்கள்.

எங்கள் பக்கம் பாறை இல்லை, ஆனால் தேங்காப்பட்டணம் உங்களுக்கு முட்டத்தைவிடப் பக்கம். குழித்துறையாறு கடலில் சேருகிற பொழிமுகம், மீன்பிடித் துறைமுகம், ரொம்பப் பழைய பள்ளிவாசல். அங்கிருந்து மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி, அதற்கப்புறம் பொழியூர், கேரளம் வந்துவிடும். இந்த வழியாகக் கார் ஓட்டிப் பார்க்கலாம் என்று வராதீர்கள், கடலரிப்பில் சாலை அங்கங்கே அடிபடுவது வழக்கம், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்குகிற தூண்டில் வளைவு போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்கள் நாங்கள்.

இன்னொன்று, கோபமாக இல்லை. அழகான கிராமம் என்று படம் எடுக்க வருகிறவர்கள் வலை பின்னுகிற ஆளின் மூக்குக்கு நேரே போனை நீட்டுகிறார்கள். எங்கள் ஆட்கள் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடக்கிறவர்கள், 2017 ஒக்கிப் புயலில் இறந்துபோனவர்களில் பலர் இந்த நாலைந்து ஊர்க்காரர்கள்தான். பல வீட்டு வாசலில் இன்னும் அவர்கள் படம் தொங்குகிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், கூடவே கட்டன் சாயாவும் தருவார்கள்.

சாயா_நேரம்

எல்லோரும் ஏன் தெற்கேயே அனுப்புகிறீர்கள்? பாறசாலையில் ரயில் ஏறினால் வர்க்கலையில் இறங்கலாம், முட்டி வலிக்கு ரயில்தான் நல்லது. செம்பாறைக் குன்று அப்படியே செங்குத்தாகக் கடற்கரைக்கு இறங்கும், மேலே நடைபாதை. ஆனால் அங்கே கூட்டம் கோவளம் மாதிரிதான் ஆகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குத் தெற்கே உள்ள அஞ்சுதெங்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு ஊர். 1690களில் ஆங்கிலேயக் கம்பெனி கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. 1721இல் இந்தக் கோட்டையிலிருந்து ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன ஆங்கிலேயர்களை ஊர்க்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள், மிளகு வியாபாரத்தில் வந்த வயிற்றெரிச்சல்.

கோதையாறு

ஆறு வயதுப் பையனுக்கு 1721ஐச் சொல்லி என்ன பண்ண? பூவாரைச் சொல்லியிருக்கலாம், அரை மணி நேரத்தில் போகலாம், நெய்யாறு கடலில் விழுகிற இடம், படகில் உட்கார்ந்தபடியே அம்மா பார்த்துவிடுவார். ஏறும் முன் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று இரண்டையும் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.

பாறசாலை_புதுசு

போய்விட்டு வந்துவிட்டோம், வியாழக்கிழமை, குளச்சலும் முட்டமும் மட்டும். மண்டைக்காட்டில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டதால் மற்ற எதற்கும் நேரமில்லை. முட்டத்தில் சின்னவன் கையைப் பிடித்தபடியே இரண்டு மணி நேரம் நின்றேன், எனக்கும் தோள்பட்டை பேசுகிறது. தூத்தூர்க்காரர் சொன்னது சரி, காய்ந்திருந்த ஒரு பாறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்தது, அதற்கப்புறம் நான் சொல்லாமலே அவன் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

குளச்சலில்தான் கூத்து. ஏலம் விடுகிறவர் வேகவேகமாக விலை சொல்லிக்கொண்டிருக்க, அப்பா சாப்பாட்டுக் கடை எங்கே என்று யாரையோ கேட்பதற்காகக் கையைத் தூக்கினார். ஒரு கூடை சாளை எங்கள் தலையில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. டிக்கியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து தெரு முழுக்கக் கொடுத்தோம், மூன்று வருடமாகச் சிரிக்காத எதிர்வீட்டுச் சேச்சி புளிமுளம் என்கிற மீன்குழம்பு வைத்துத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். கார் இன்னும் நாறுகிறது.

தூத்தூர்க்காரன்

கூடை எவ்வளவுக்குப் போனது மக்கா?

பாறசாலை_புதுசு

அதை மட்டும் கேட்காதீர்கள் அண்ணே.